கறிக்குழம்புக்கு உப்புப் பார்த்தால் ஒருசந்தி முறிந்துவிடுமா?

அடுப்படி மதுரை | மார்ச் 6, 2025, இரவு 11.50

பங்குச் சாமியாரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன். ஆரப்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு அசைவ மெஸ் நடத்துகிறேன். சமையல் நான், கல்லாவில் வீட்டுக்காரி, எடுபிடிக்கு இரண்டு பையன்கள். மட்டன் குழம்பு, சுக்கா, குடல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அயிரை மீன். தவக்காலம் முழுக்க நான் கறி தொடுவதில்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஆனால் என் பிழைப்பே கறிதான். வருசா வருசம் இந்த 40 நாளும் எனக்குக் கஷ்டமாகத்தான் போகிறது.

நேற்று சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். காலை 6 மணிப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு 7 மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு ஒருசந்தி, மதியம் ஒருவேளைதான் சாப்பாடு. 11 மணிக்குக் குழம்பு கொதித்ததும், 25 வருசப் பழக்கம், கை தானாகப் போய் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கிவிட்டேன். நாக்கில் பட்ட பிறகுதான் என்ன நாள் என்றே ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் துப்பி வாயைக் கொப்பளித்தேன். மனசு கெட்டுப் போய்விட்டது. சரி, சுக்காவுக்காவது பார்க்காமல் இருப்போம் என்று குத்துமதிப்பாக உப்பைப் போட்டேன், அது உப்புக் கரித்துவிட்டது. சாப்பிட வந்தவர்கள் இலையிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு தட்டு சுக்காவுக்கு அவர்கள் கொடுத்த காசு வீண், கறியும் வீண். நோன்பு நாளில் சோத்தை வீணாக்குவது பாவம் இல்லையா என்று வீட்டுக்காரி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

போதாக்குறைக்குக் கூட்டம் நெரியும் நேரம் பார்த்து, எடுபிடிப் பையன் ஒருவன், வடக்கே இருந்து வந்தவன், சாயந்தரம் ரெண்டு மணி நேரம் வெளியே போகணும் என்று கேட்டான். மறுநாளைக்கு மசாலா அரைக்க வேண்டும், ஆள் இல்லை. இருந்த எரிச்சலில் சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன்.

எங்கள் அம்மா ஒருசந்தி நாளில் அடுப்படியில் கரண்டியைக்கூட நாக்கில் வைக்க மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது என் கேள்வி, உப்புப் பார்த்தது நோன்பை முறித்த கணக்கா? மீதி நாட்களுக்கு என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய உபதேசியார் | மார்ச் 7, காலை 5.35

தம்பி, முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டிருப்பது சின்னக் கேள்வி இல்லை, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நம் சபையில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இரண்டு தனித்தனிக் கடமைகள் உண்டு. பலர் ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருசந்தி என்பது அளவைப் பற்றியது, ஒருவேளைதான் வயிறாரச் சாப்பாடு. சுத்தபோசனம் என்பது வகையைப் பற்றியது, கறி கூடாது. திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக்குக் கட்டாயமான நாட்கள் வருசத்துக்கு ரெண்டே ரெண்டுதான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது முடிந்தவர்கள் 59 வயது நிறையும்வரை அதை அனுசரிக்க வேண்டும். சுத்தபோசனம் 14 வயது முடிந்தவர்களுக்கு, அதற்கு மேல்வரம்பு கிடையாது. அந்த ரெண்டு நாளோடு வெள்ளிக்கிழமைகளும் அதில் சேரும். மற்ற நாட்களில் நீங்கள் கறி தொடாமல் இருப்பது உங்கள் பக்தி. நல்லதுதான், ஆனால் அதில் தவறினால் சட்டத்தை மீறியதாகாது.

கறிச்சாறு பற்றி. 1917-ஆம் வருசத்துச் சட்டத் தொகுப்பில் கறியும் கூடாது, கறியை வேகவைத்த சாறும் கூடாது என்றே எழுதியிருந்தது. உங்கள் அம்மா அந்தக் காலத்துப் பாடத்தில் வளர்ந்தவராக இருப்பார். 1966-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் நோன்பு விதிகளைத் திருத்தினார். அதில் விலக்கப்பட்டது கறி மட்டும்தான். முட்டை, பால், விலங்குக் கொழுப்பில் செய்த சேர்மானம் எல்லாம் விலக்கில் இல்லை. ஒருசந்தி நாளிலும் அந்த ஒரு பெரிய சாப்பாடு போக, காலையிலும் மாலையிலும் கொஞ்சம் ஆகாரம் எடுத்துக்கொள்வதை அவர் தடுக்கவில்லை. அப்படி இருக்க, பிழைப்புக்காக நாக்கில் ரெண்டு சொட்டு வைத்துத் துப்பியது சாப்பாட்டில் சேராது. மறதியில் நடந்தது வேறு. உங்கள் ஒருசந்தி முறியவில்லை.

நான் 40 வருசம் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவன். பிள்ளைகள் முதலில் கேட்பதே இந்த மாதிரிக் கேள்விதான். எச்சில் விழுங்கலாமா, பல் விளக்கலாமா, சவ்வு மிட்டாய் ஆகாதா. பெரியவர்களானபின் யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். நீங்கள் கேட்டது சந்தோசம்.

கோரிப்பாளையம் மாஸ்டர் | மார்ச் 7, பகல் 3.10

அண்ணே, நானும் அடுப்புக்காரன்தான், பிரியாணி. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே ரமலான் ஆரம்பித்துவிட்டது, உங்களுக்குப் புதன்கிழமை. இந்த வருசம் நாம் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் பட்டினி கிடக்கிறோம். எங்களில் தண்ணீர்கூடக் கிடையாது, தெரியும் உங்களுக்கு. ஆனாலும் சமைக்கிற ஆளுக்கு அவசியம் என்றால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், தொண்டைக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான் என்று எங்கள் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுவும் மனசு ஒப்பவில்லை. அதனால் நோன்பு மாசத்தில் என்னிடம் வேலை பார்க்கும் மேலூர்ப் பையன்தான் உப்புப் பார்ப்பான்.

தொழில் முறையில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கை அளவை விட்டுவிடுங்கள். ஒரு தேக்சாவுக்கு எவ்வளவு கறி, எவ்வளவு தண்ணீர், எத்தனை டம்ளர் கல்லுப்பு என்று நோன்பு இல்லாத நாளில் நாலு தரம் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். தூளுப்பு வேண்டாம், அது பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறுகிறது. சுக்காவுக்குத் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறும், அதனால் முக்கால் அளவு மட்டும் முதலில் போட்டு, மீதியை இறக்கும்போது பையனை ருசி பார்க்கச் சொல்லிப் போடுங்கள். கோவில் மடப்பள்ளியில் சாமிக்குப் படைக்கிற சோற்றை யாரும் ருசி பார்ப்பது இல்லை, வாசனையிலும் அளவிலும்தான் ஓடுகிறது. அவர்களால் முடியும் என்றால் நம்மாலும் முடியும்.

வார்டு சிஸ்டர் | மார்ச் 7, இரவு 9.20

உபதேசியார் ஐயா சொன்ன வயதுக் கணக்கைத் தயவுசெய்து எல்லாரும் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். நான் நர்ஸ். என் மாமியாருக்கு 67 வயது, 15 வருசமாகச் சர்க்கரை, மாத்திரையும் இன்சுலினும் ரெண்டும் உண்டு. போன வருசம் பெரிய வெள்ளியன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டார். வெயிலில் சிலுவைப் பாதை நடந்து ஒன்பதாம் ஸ்தலத்தில் வேர்த்துக் கொட்டி விழுந்துவிட்டார். சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. யாரோ சோடாவில் சர்க்கரையைக் கலக்கிக் கொடுக்க வந்தபோது, அரை நினைவிலும் ஒருசந்தி முறிந்துவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டார். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒருசந்திச் சட்டமே கிடையாது. அதற்குக் கீழே இருந்தாலும் நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுக்கிறவள், கடின உடலுழைப்புக்காரர் இவர்களுக்கு விலக்கு உண்டு என்று எங்கள் சாமியாரே பிரசங்கத்தில் சொன்னார். இன்சுலின் போடுகிறவர்கள் நோன்பு இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தால், மருந்து அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றாமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். இந்த வருசம் மாமியார் டி.வி. சீரியலை விட்டிருக்கிறார். அவருக்குக் கறியை விடுவதைவிட அதுதான் பெரிய தவம், நிஜமாகவே சொல்கிறேன்.

ஜெபவீரன் | மார்ச் 8, காலை 10.05

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். வேதத்தில் இந்தத் தேதியில் ஆரம்பித்து இத்தனை நாள் உபவாசம் இருங்கள் என்று அப்போஸ்தலர்கள் எங்கே சொன்னார்கள்? நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் வைக்கிறோம். ஆவியானவர் ஏவினால் மூன்று நாள், ஏழு நாள்கூட இருப்போம். காலண்டரைப் பார்த்து மனந்திரும்ப முடியுமா? 14 வயது, 59 வயது, சாறு கூடும், கறி கூடாது... இதைத்தானே பரிசேயர்கள் செய்தார்கள்? இன்னொன்று, மட்டன் கூடாது, அயிரை மீன் குழம்பு கூடும் என்கிறீர்கள். மதுரையில் அயிரை விற்கிற விலைக்கு அது எப்படித் தவம் ஆகும்?

பழைய உபதேசியார் | மார்ச் 8, பகல் 12.40

தம்பி, அயிரை விசயத்தில் உங்கள் கட்சிதான் நானும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீனும் கிடையாது. கறியை விட்டுவிட்டு அதைவிட விலை கூடிய மீனைத் தேடிப் போவது ஏழையை நினைக்கிற சாப்பாடு இல்லை.

காலண்டர் விசயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை எண்ணினால் 46 நாள், ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. ஆண்டவர் வனாந்தரத்தில் இருந்த நாள் அது. தேதி போட்டுக் கட்டளை வேதத்தில் இல்லைதான். ஆனால் 325-இல் நீசேயாவில் ஆயர்கள் கூடியபோதே இந்த நாற்பது நாளைத் தெரிந்த விசயமாகப் பேசுகிறார்கள். 1,700 வருசமாக நடக்கிற வழக்கம். தனியாக நோன்பு இருந்தால் என் நினைப்புக்குத் தோன்றின நாளில் இருப்பேன், தோன்றாத நாளில் விட்டுவிடுவேன். ஊரோடு சேர்ந்து இருக்கும்போது என் சோம்பலுக்கு இடமில்லை. நினிவேக்காரர்களும் ராஜா முதல் சேர்ந்துதானே இருந்தார்கள்?

இன்னொன்றும் மதுரைக்காரர்கள் மறக்கக்கூடாது. 1606-இல் இந்த ஊருக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவபோதகர் என்று நாம் சொல்கிறவர், இங்கே சந்நியாசியாக வாழ்ந்தார். கறி மீன் இல்லை, சோறு, காய், பால், அதுவும் ஒரு நாளைக்கு ஒருவேளை. நோன்பு நாளில் மட்டும் இல்லை, வருசம் முழுக்க. இந்த ஊரில் தவம் என்றால் மக்கள் எதைத் தவம் என்று ஏற்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருபொழுது இருக்கிறவர்களுக்கும் நம்முடைய ஒருசந்திக்கும் பேச்சு ஒத்துப்போவது அதனால்தான். 2019-இல் பெரிய வெள்ளியன்றே அழகர் ஆற்றில் இறங்கினார். முதல் நாள் பெரிய வியாழன், அன்றைக்கே தேரோட்டம், அன்றைக்கே பாராளுமன்றத் தேர்தல். தேருக்காக மதுரையில் ஓட்டுப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டித்தார்கள். பாதம் கழுவும் பூசை முடிந்து ஓடிப்போய் ஓட்டுப் போட்டோம். மறுநாள் நாங்கள் வயிறு காய்ந்து சிலுவைப் பாதைக்குப் போகிற வழியில், அழகரைப் பார்த்துவிட்டு வந்த கிராமத்து ஜனங்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் யாரிடமும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை.

நரிமேடு டீச்சர் | மார்ச் 9, மாலை 4.15

நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்களுக்கும் லெந்து நாட்கள் என்று தவக்காலம் உண்டு, ஆனால் இன்னதைச் சாப்பிடு, சாப்பிடாதே என்று சட்டம் கிடையாது. பெரிய வெள்ளியன்று 12 மணியிலிருந்து 3 மணி வரை மும்மணி ஆராதனை, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானிப்போம். அதுவரை பெரும்பாலோர் பட்டினி, முடிந்ததும் சபையிலேயே கஞ்சியும் துவையலும். சின்ன வயதில் எனக்கு அந்தத் துவையல்தான் பெரிய வெள்ளி. வீட்டில் அம்மா சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார், கைப்பிடி அரிசி. லெந்து நாட்களில் அது ரெண்டு பிடி ஆகும். தான் சாப்பிடாமல் விட்டது அந்தப் பானையில் இருக்கிறதா என்று பார்ப்பார். நோன்பில் மிச்சம் பிடித்த காசு நம் பையிலேயே இருந்தால் அது சிக்கனம்தானே, வேறென்ன?

மெஸ் வைத்திருக்கும் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக்கூடாது. இந்த இழையில் எல்லாரும் குழம்புக்கும் சுக்காவுக்கும் பதில் சொல்லிவிட்டோம். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விசயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ரெண்டு மணி நேரம் கேட்ட பையனைச் சத்தம் போட்டு அனுப்பினேன் என்றீர்களே. அவன் எதற்குக் கேட்டான்?

ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். நாங்கள் நோன்பு இருந்தும் நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். அதற்கு அவர் சொல்லும் முதல் பதிலிலேயே வேலையாட்கள் வந்துவிடுகிறார்கள். நோன்பு நாளில் உங்கள் வேலையாட்களை நெருக்குகிறீர்கள் என்கிறார். சாப்பாட்டு வகையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்பது மட்டும் இருக்கிறது. நானும் பசி ஏறினால் பிள்ளைகளிடம் சிடுசிடுப்பவள்தான், வகுப்பில் அந்த நாட்களில் யார் அடி வாங்கினார்கள் என்று எனக்கே தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

லைப்சிக் மதுரைக்காரி | மார்ச் 9, இரவு 10.30

டீச்சர் கேட்டது எனக்கும் தைத்தது. சொந்த ஊர் கருமாத்தூர் பக்கம், இப்போது ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தில் வேலை. இங்கே லுத்தரன் சபையில் மனந்திரும்புதலுக்கும் ஜெபத்துக்கும் என்றே ஒரு நாள் இருக்கிறது, பூஸ் உண்ட் பெட்டாக் என்பார்கள். தவக்காலத்தில் இல்லை, நவம்பரில், திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கு முந்தின புதன். போன வருசம் நவம்பர் 20-இல் வந்தது. முன்பு நாடு முழுக்க விடுமுறையாக இருந்ததை, முதியோரைப் பராமரிக்கும் காப்பீட்டுக்குப் பணம் திரட்டுவதற்காக 1995-இல் எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் கூடுதலாக வேலை நடந்தால் முதலாளிகள் கட்டும் பங்கை ஈடுகட்டிவிடலாம் என்று கணக்கு. சாக்சனி மட்டும் அந்த நாளை விடவில்லை. அதற்குப் பதிலாக இங்கே தொழிலாளர்கள்தான் அந்தக் காப்பீட்டுக்குச் சம்பளத்திலிருந்து கூடுதல் பங்கு கட்டுகிறார்கள். நானும் மாசா மாசம் கட்டுகிறேன். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை. அன்றைக்கு மத்தியானம் ஆளில்லாத கோவிலில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஊரில் யாரிடம் எல்லாம் பேசாமல் இருக்கிறேன் என்று வரிசையாக ஞாபகம் வருகிறது. அதற்கு நேரம் வேண்டும். யாராவது ஒருவர் அந்த நேரத்தை நமக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜெபவீரன் | மார்ச் 10, காலை 7.50

டீச்சரம்மா, ஏசாயா 58-க்கு ஆமென். பரிசேயர் என்று நான் சொன்னது கொஞ்சம் கடுமை, உபதேசியார் ஐயா மன்னிக்கணும். தேதி விசயத்தில் என் கருத்து மாறவில்லை.

அடுப்படி மதுரை | மார்ச் 12, இரவு 12.25

ரெண்டு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

பாய் சொன்னபடி அளவு எழுதிவிட்டேன், ஒரு தேக்சாவுக்கு இத்தனை டம்ளர் கல்லுப்பு என்று சுவரில் கரிக்கட்டியால் எழுதியாயிற்று. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் குழம்பு சரியாக வந்தது. சுக்காவுக்கு இன்னும் கொஞ்சம் குறைக்கணும். உபதேசியார் ஐயாவுக்கு நன்றி, சட்டம் இவ்வளவு லேசானது என்று இத்தனை வருசம் எனக்குத் தெரியாது.

டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். திங்கட்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவும்போது பையனைக் கூப்பிட்டு, அன்றைக்கு எதுக்குடா போகணும்னு கேட்டாய் என்றேன். அவனுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி அதைவிட மோசம். அவன் ஒன்றும் பேசாமல் ஈரக் கையால் தன் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டுக் காட்டினான்.

ஜார்க்கண்டில் சிம்டேகா என்று ஒரு ஊராம். வீட்டில் எல்லாரும் கத்தோலிக்கர்கள். தாத்தா காலத்திலிருந்தே. என்னிடம் வந்து 15 மாசம் ஆகிறது. ரெண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. ரெண்டு தடவையும் எங்கள் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து கொடுத்தேன், நீ யார், என்ன என்று கேட்கவில்லை. பேரைக் கேட்டாவது தெரிந்திருக்க வேண்டும் என்றால், நாங்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவோம். சாம்பல் புதனன்று காலையில் என் நெற்றியைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு என்ன நாள் என்றே அவனுக்குத் தெரிந்ததாம். சாயந்தரப் பூசையிலும் சாம்பல் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதற்குத்தான் ரெண்டு மணி நேரம் கேட்டிருக்கிறான். நான் சாம்பலை வைத்துக்கொண்டே அவனைத் திட்டியிருக்கிறேன்.

நான் துப்பி வாய் கொப்பளித்த அந்த ரெண்டு சொட்டுச் சாறுக்கு ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். இதற்கு ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தமாதிரி தலையை ஆட்டிவிட்டுத் தேக்சாவைத் தேய்க்கப் போய்விட்டான். மன்னித்தானா, முதலாளி கேட்கிறாரே என்று தலையாட்டினானா, எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். இனிமேல் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் 3.30-க்குக் கடையைச் சாத்திவிடுவது என்று அவளே சொல்லிவிட்டாள். ராத்திரி டிபன் அன்றைக்குக் கிடையாது. இன்னொரு பையன் உசிலம்பட்டிக்காரன், அவனுக்கும் அன்றைக்கு அரை நாள் லீவு, சம்பளம் பிடிக்க மாட்டோம். எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. சிலுவைப் பாதைக்குத் தமிழ் தெரியாதவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவனுக்கு ஏதாவது விளங்குமா? அப்புறம், அவன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யணும் என்கிறான், ஊரைவிட்டு வந்ததிலிருந்து செய்யவில்லையாம். மதுரையில் இந்தி தெரிந்த சாமியார் யாராவது இருக்கிறார்களா?

பழைய உபதேசியார் | மார்ச் 12, காலை 5.20

14 ஸ்தலமும் சுவரில் படமாகவே இருக்கிறது தம்பி, அவன் ஊர்க் கோவிலிலும் இதே 14தான். எங்கே மண்டியிடணும், எங்கே எழுந்திருக்கணும் என்று உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எங்கள் பங்கில் வெள்ளி மாலை 5.30-க்கு. கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பின்வாசலில் நிற்கிறேன், எந்தக் கோவில் என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

இந்திக்கு, வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்த சாமியார் ஒருவரைத் தெரியும். இன்று பூசை முடிந்ததும் போய்க் கேட்டுவிட்டு மத்தியானத்துக்குள் சொல்கிறேன். பையனின் பெயர் என்ன?

அடுப்படி மதுரை | மார்ச் 12, காலை 6.05

பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன் ஐயா. எழுத்துக் கூட்டி அவனே சொன்னான்.